சத்து மாத்திரை என்று சொன்னேன்

1. போன் எடுக்கக் கூடாத இடம்

வால்வு டெஸ்ட் பெஞ்சில் நிற்கும்போது போன் எடுக்கக் கூடாது என்பது எங்கள் ஷாப்பில் சட்டம். அதை எழுதி, லேமினேட் செய்து, சுவரில் ஒட்டியது நான்தான். முதலில் மீறியதும் நான்தான்.

நான் கோயம்புத்தூர்க்காரன். ஹைதராபாத் சனத்நகர் எஸ்டேட்டில், சேஃப்டி வால்வுகளைப் பிரித்துப் பழுது பார்த்துச் சோதிக்கும் ஒரு சிறிய கம்பெனியில் இருபத்து மூன்று வருஷமாக டெஸ்டிங்கில் இருக்கிறேன். பாய்லரோ டாங்கோ, உள்ளே பிரஷர் அளவு மீறினால் தானாகத் திறந்து வெளியே விடுகிற வால்வு அது. செட் செய்த அளவில் சட்டென்று திறக்க வேண்டும். அப்படித் திறப்பதை நாங்கள் 'பாப்' என்போம்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு மதியம். ஒரு கெமிக்கல் ஆலையின் வால்வுகள் வந்திருந்தன. அவர்களுடைய இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஃபிட்டர் காஜா பாய் காற்றை ஏற்றிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு கிலோ பிரஷரில் பாப் ஆக வேண்டிய வால்வு. கேஜ் முள் பதினொன்றைத் தாண்டியபோது என் சட்டைப் பையில் போன் நாலாவது முறையாக அடித்தது. எடுத்துவிட்டேன்.

மகளின் வகுப்பு டீச்சர். தெலுங்கில் சொன்னார். "சார், பயப்படாதீங்க. பாப்பா ஸ்கூல் ஆட்டோல இருந்து குதிச்சிருச்சு. தாடையில அடி. கிளினிக்ல இருக்கோம்."

மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. "போயிட்டு வாங்க. ஆனா இதுக்கெல்லாம் வீட்டுல லேடீஸ் யாரும் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு அந்த வருஷம் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தாடையில் நாலு தையல். மகளை இங்கே தர்ஷினி என்று எழுதுகிறேன். பெயரை மாற்ற வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. அப்போது அவளுக்குப் பத்து வயசு.

"ஏன் பாப்பா குதிச்சே?"

"ஹார்ஸ், அப்பா. வைட் ஹார்ஸ். ஷாதில மாப்பிள்ளை ஏறிப் போற ஹார்ஸ்."

"ஆட்டோ ஓடிட்டு இருந்துச்சே சாமி?"

"அது குதிச்ச அப்புறம்தான் தெரிஞ்சுது."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

2. அம்மாக்கள் குழு

என் மனைவி வனஜாவுக்குக் கச்சிபௌலியில் சாஃப்ட்வேர் வேலை. அந்த வருஷம் அவளை ஒன்றரை வருஷத்துக்கு அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தார்கள். அத்தனை வருஷ உழைப்புக்குக் கிடைத்த வாய்ப்பு. போகாதே என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஏர்போர்ட்டிலிருந்து மகளும் நானும் திரும்பிவந்து மோத்தி நகர் ஃபிளாட்டின் பூட்டைத் திறந்தபோது, வீடு இவ்வளவு பெரிசா என்று தோன்றியது. ரெண்டு ரூம் வீடுதான்.

தினமும் காலை ஏழு மணிக்குப் போன் வரும். அவளுக்கு அது சாயங்காலம். போனை மாவுப் பாத்திரத்தில் சாய்த்து வைத்துவிட்டு நான் தோசை வார்ப்பேன். மகள் ஒரு நிமிஷம் பேசுவாள், ஓடிப் போவாள், திரும்பி வந்து வேறு எதையோ பாதியிலிருந்து சொல்வாள்.

வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. பெயரே 'அம்மாக்கள்' என்று இங்கிலீஷில் இருக்கும். நான் மட்டும் ஆண். குதிரை விவகாரத்துக்குப் பிறகு யாரோ ஒருவர், "அந்தப் பொண்ணு இருக்குற ஆட்டோல என் பொண்ண அனுப்ப முடியாது" என்று போட்டார். அடுத்த நிமிஷம் அழித்துவிட்டார். நான் அதற்குள் படித்துவிட்டேன். எல்லோருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அத்தனை பேரும் பார்த்ததாக நீல டிக் விழுந்தது, ஒருவரும் பதில் போடவில்லை. அன்றைக்கு ஷாப்பில் ஐம்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன், ஒருவரிடமும் இதைச் சொல்ல முடியவில்லை.

பள்ளிக் கவுன்சலர் சொல்லி ஒரு குழந்தைகள் மனநல டாக்டரிடம் போனோம். காத்திருக்கும் அறையில் எல்லாம் அம்மாக்கள். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள், நான் போய் உட்கார்ந்தால் குரல் தணிந்துவிடும். நான் சுவரில் இருந்த, எந்த வயசுக்கு எவ்வளவு எடை என்ற சார்ட்டைப் படித்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு ஒரு ஃபாரம், டீச்சருக்கு ஒரு ஃபாரம். மூன்று மாதம் மருந்து இல்லாமல் முயற்சி செய்தோம். சுவரில் டைம்டேபிள், வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுப்பது, வகுப்பில் முன் பெஞ்ச். கொஞ்சம் உதவியது. ஆனால் அதற்குள் இன்னொரு தரம், சிக்னலில் என் கையை உதறிக்கொண்டு ரோட்டுக்குள் ஓடினாள். பைக்கில் வந்த ஒருவர் சறுக்கி விழுந்தார். அவர் திட்டியதைவிட என் கை வெறுங்கையாக நின்றது எனக்கு மறக்கவில்லை.

டாக்டர் இங்கிலீஷும் ஹிந்தியுமாகப் பேசுவார். சாரம் இதுதான்: "இது ஏ.டி.எச்.டி.தான். கவனம் ஒரு இடத்துல நிக்காது, யோசிக்கிறதுக்குள்ள கால் ஓடிரும். எல்லாக் குழந்தைக்கும் மருந்து வேணும்னு இல்ல. இவளுக்கு உதவும்னு நான் நினைக்கிறேன். முடிவு உங்களுது. குடுக்கிறதா இருந்தா ரெண்டு விஷயம். என்ன மாத்திரைன்னு அவகிட்ட சொல்லிடுங்க. ஸ்கூல்லயும் சொல்லிடுங்க." தலையாட்டினேன்.

மறுநாள் காலை வனஜாவிடம் கேட்டேன்.

"நாஞ் சொல்லி என்னங்க ஆகப்போவுது? நித்தமும் அவளப் பாக்கறது நீங்க. நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. நாங் குறுக்க நிக்க மாட்டேன்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் வேண்டாம் என்று சண்டை போட்டிருந்தால்கூட எனக்குத் துணையாக இருந்திருக்கும். ஊரில் என் அக்காவுக்குப் போன் போட்டால், "மாத்திரை குடுத்தா புள்ள மந்தமாயிரும்டா" என்றாள். காஜா பாய், "கைக்கு சாப், எதுக்கு டாக்டர்? கொழந்தைன்னா ஓடத்தானே செய்யும்" என்றார். அன்றைக்குச் சிக்னலில் என் இடத்தில் நின்றது அவர் இல்லை.

3. முதல் பாப்

என் தொழிலைக் கொஞ்சம் சொன்னால்தான் நான் செய்த தப்பு புரியும்.

ஆலையிலிருந்து ஒரு வால்வு வந்தால் நாங்கள் உடனே பிரிப்பதில்லை. துடைப்பதுகூட இல்லை. வந்தபடியே பெஞ்சில் ஏற்றி, எந்த அளவில் திறக்கிறது என்று பார்ப்போம். அந்த முதல் பாப்தான் உண்மை. பன்னிரண்டில் திறக்க வேண்டியது பதினாலில் திறந்தால், இத்தனை நாள் அந்த ஆலை ஆபத்தில் இருந்தது என்று அர்த்தம். அதே வால்வை மறுபடி ஏற்றினால் சமர்த்தாகப் பன்னிரண்டில் திறக்கும், ஏனென்றால் ஒட்டியிருந்தது முதல் பாப்பிலேயே விட்டுப்போயிருக்கும். அதனால்தான் முதல் ரீடிங் எடுக்கும் முன்னால் யாரும் வால்வைத் தட்டக் கூடாது, திருகக் கூடாது. ரீடிங்கை ரெஜிஸ்டரில் எழுதி, கடைசிக் கட்டத்தில், கூட நின்று பார்த்தவரிடம் 'விட்னஸ்' கையெழுத்து வாங்க வேண்டும். இந்த விஷயத்தில் நான் பொல்லாதவன். ஒருமுறை ஒரு டிரெய்னி சுத்தியலால் லேசாகத் தட்டிவிட்டான் என்பதற்காக முழு நாள் அவனோடு பேசவில்லை.

மருந்து கொடுப்பது என்று முடிவு செய்த அன்றே ஒரு ரெஜிஸ்டர் வாங்கினேன். ஹோம்வொர்க், சாப்பாடு, தூக்கம், சண்டை, டீச்சர் சொன்னது என்று கட்டம் போட்டேன். விட்னஸ் கட்டமும் பழக்கத்தில் போட்டுவிட்டேன், கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்லை. முதல் ரெண்டு வாரம் மாத்திரை இல்லாமல் வந்தபடி ரீடிங். அப்புறம் மாத்திரையோடு.

மாத்திரை என்று தெரிந்தால் டீச்சர் அவளை வேறு கண்ணால் பார்ப்பார். அவளுக்கே தெரிந்தால் எனக்காக நடிப்பாள். ரெண்டும் வால்வைத் தட்டுவது மாதிரிதான். எனக்குச் சுத்தமான ரீடிங் வேண்டும். ஆகவே பள்ளியில் சொல்லவில்லை. அவளிடம், "சத்து மாத்திரை பாப்பா, டிபன் சாப்பிட்டதும் போட்டுக்கோணும்" என்றேன். வனஜாவிடம் ஆரம்பித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

இது டெக்னிக்கல் காரணம். இன்னொரு காரணமும் உண்டு, அதை அப்போது எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை. உனக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்று என் மகள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பக்கத்தில் வனஜா இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

4. நல்ல ரீடிங்

மாத்திரை வேலை செய்தது. முதல் வாரம் மதிய டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தது. பசி குறையும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். காலையில் கூடுதலாக ஒரு தோசை, சாயங்காலம் சாதம் என்று மாற்றிக்கொண்டேன். ரெண்டாவது வாரம் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் முழுசாக இருந்தது. அவள் கணக்கு நோட்டில் முழுப் பக்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ரோட்டைக் கடக்கும்போது அவளாக நின்று ரெண்டு பக்கமும் பார்த்தாள்.

மூன்றாவது வாரம் டீச்சர் வகுப்புச் சுவர் சார்ட்டில் அவள் பெயருக்கு நேரே ஒரு ஸ்டார் ஒட்டினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பையைக் கழற்றக்கூட இல்லை.

"அப்பா, நான் ஃபுல் பீரியட் உக்காந்தேன். நானே உக்காந்தேன். யாரும் சொல்லல."

"கெட்டிக்காரி" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

மறுநாள் காலை தோசைக்கல்லுக்கு முன் நிற்கும்போது அவள் போனில் பேசுவது காதில் விழுந்தது. "அம்மா, நான் இப்ப குட் ஆயிட்டேன். ஸ்டார் வந்துருச்சு. இனி நீ வந்துடலாம்." வனஜா சிரித்துக்கொண்டே, "வந்தர்றேன் சாமி" என்றாள். குழந்தைப் பேச்சு என்று ரெண்டு பேருமே எடுத்துக்கொண்டோம். அன்றைய கட்டத்தில் 'மூட் நன்று' என்று எழுதினேன்.

5. பென்சில் பெட்டி

அந்த மருந்து எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது. டாக்டர் சீட்டு இல்லாமல் தரவும் மாட்டார்கள். ஒரு சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் சத்தமாக, "பசங்கள ஒழுங்கா உக்கார வைக்கிற மாத்திரைதானே சார்? ஒரிஜினல் சீட்டக் காட்டுங்க" என்றார். அவள் ஐஸ்கிரீம் பெட்டிப் பக்கம் நின்றிருந்தாள். கேட்டிருக்காது என்று நினைத்தேன். என் மகளுக்கு என்னைவிட நன்றாகத் தெலுங்கு தெரியும் என்பதை அந்த நேரம் மறந்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். எனக்கு அது அப்போது தெரியாது.

அடுத்த வாரம் ரீடிங் விழுந்தது. நோட்டு காலி. ஒரு பெண்ணோடு சண்டை. டீச்சர் போன் செய்து, சார்ட்டில் இருந்த ஸ்டாரை அவளே பிய்த்துப் போட்டுவிட்டாள் என்றார். டிபன் பாக்ஸ் மட்டும் சுத்தமாகக் காலியாகி வந்தது. ஷாப்பில் இப்படி ஒரு ரீடிங் மட்டும் ஒத்துவராமல் நின்றால் அங்கேதான் முதலில் பார்ப்பேன். வீட்டில் பார்க்கவில்லை. மருந்து பழகிவிட்டது, அளவு போதவில்லை என்று முடிவு கட்டினேன். பிரஷர் இறங்கினால் ஸ்க்ரூவை இன்னும் ஒரு திருகு திருகுகிற புத்தி.

பள்ளி விட்டதும் பையோடு மகளைக் கூட்டிக்கொண்டு, ரெஜிஸ்டரையும் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். டோஸைக் கூட்டுங்கள் என்று கேட்கத்தான் போனேன். பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினேன். டாக்டர் பொறுமையாகப் பார்த்தார்.

"தினமும் மாத்திரை உள்ளே போகுதா?"

"என் கையாலதான் மேடம் குடுக்கிறேன்."

"நான் அவகூடத் தனியாப் பேசணும்."

பத்து நிமிஷம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். மேஜை மேல் அவளுடைய பென்சில் பெட்டி திறந்திருந்தது. ரப்பருக்கும் ஷார்ப்பனருக்கும் நடுவில் மாத்திரைகள். நாக்குக்கு அடியில் வைத்திருந்து, பிறகு எடுத்துச் சேர்த்திருக்கிறாள். இந்தக் கட்டுரையில் முதலில் ஒன்பது என்று எழுதியிருந்தேன். இதை அவளுக்குப் படித்துக் காட்டியபோது, "எட்டு அப்பா, ஒண்ணை மொதல் நாளே சிங்க்ல போட்டேன்" என்று திருத்தினாள்.

டாக்டர் என் ரெஜிஸ்டரைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "இந்த நாட்களுக்கு என்ன எழுதியிருக்கீங்க?"

'மாத்திரை கொடுக்கப்பட்டது' என்று எழுதியிருந்தேன். ஒவ்வொரு நாளும், என் கையெழுத்தில். பெஞ்சில் ஒரு பொய் ரீடிங் எழுதியவனை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். இந்த ரெஜிஸ்டரைக் காட்டி என் பிள்ளைக்கு மருந்தை ஏற்றச் சொல்லி வந்திருந்தேன்.

"அவகிட்ட என்னன்னு சொல்லிட்டீங்கன்னுதான் நெனச்சேன்" என்றார் டாக்டர். அவ்வளவுதான் சொன்னார். இந்த மருந்தை இப்போதைக்கு நிறுத்தி வைக்கலாம், அவள் சம்மதித்தால் அதே அளவில் திரும்ப ஆரம்பிக்கலாம் என்றார்.

கீழே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று பேசினோம்.

"கடையில கேட்டப்பவே எங்கிட்ட கேட்டிருக்கலாமே பாப்பா."

"நீ மறுபடி வைட்டமின்னு சொல்லிருப்பே."

உண்மைதான், சொல்லியிருப்பேன். "கண்ணு சரியாத் தெரியலைன்னா கண்ணாடி போடுறதில்லையா சாமி, இதுவும் அந்த மாதிரிதான்" என்று ஆரம்பித்தேன். எங்கேயோ படித்தது.

"கண்ணாடிய யாராவது வைட்டமின்னு சொல்லிப் போட்டு விடுவாங்களா?"

அவள் ஸ்கூட்டர் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "அந்த ஸ்டார் டேப்லெட்டோடது. என்னோடது இல்ல. அம்மாகிட்டயும் பொய் சொல்லிட்டேன், குட் ஆயிட்டேன்னு. அம்மா நம்பி வந்துருவா. வந்து பாத்துட்டுத் திரும்பப் போயிருவா."

தான் இப்படி இருப்பதால்தான் அம்மா போய்விட்டாள் என்று ஏழு மாதமாக என் மகள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரே வீட்டில், ஒரே தட்டுக் கழுவும் தொட்டிக்கு முன்னால், நான் தனியாக இருக்கிறேன் என்று நானும், தான் தனியாக இருப்பதாக அவளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அழுதேன். அவள் பின்னால் உட்கார்ந்து, "சல் அப்பா, போலாம்" என்றாள்.

6. அவள் எழுதியது

மறுநாள் காலை போனில் எல்லாவற்றையும் சொன்னேன். வனஜா முதலில் என்மேல் கோபப்பட்டாள். "ஏனுங்க, எங்கிட்டக்கூடச் சொல்லோணும்னு தோணலியா?" பிறகு மகளைக் கூப்பிட்டு, வேலைக்காகத்தான் போனேன், உன்னால் இல்லை என்று மூன்று தரம் சொன்னாள். உடனே கிளம்பி வந்துவிடவில்லை, அப்படியெல்லாம் வர முடியாது. நடுவில் பத்து நாள் லீவில் வந்து போனாள். பாக்கி மாதங்களை நாங்கள் ரெண்டு பேரும்தான் கடந்தோம்.

பள்ளியில் போய்ச் சொன்னேன். டீச்சர், "முன்னாடியே சொல்லிருந்தா, ஸ்டாரை உக்காந்ததுக்குன்னு சொல்லிக் குடுத்திருக்க மாட்டேன் சார். கணக்குப் போட்டதுக்குன்னு சொல்லிருப்பேன். கணக்கை அவதானே போட்டா" என்றார். அந்த வித்தியாசம் எனக்குத் தோன்றவே இல்லை.

மகள் டாக்டரிடம் கேட்க ஒரு தாளில் கேள்விகள் எழுதிக்கொண்டு போனாள். டிராயிங் வராமல் போய்விடுமா, எப்போதும் சாப்பிட வேண்டுமா, நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா. டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். நான் வெளியே அம்மாக்களோடு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். "நாளைலருந்து சாப்பிடுறேன். பிடிக்கலைன்னா சொல்லுவேன், ஒளிச்சு வைக்க மாட்டேன். ஆனா நீ அதோட நேமைச் சொல்லிக் குடுக்கணும்."

திங்கட்கிழமை காலை மாத்திரையின் பெயரை உரக்கச் சொல்லிக் கொடுத்தேன். நீளமான பெயர், ரெண்டு இடத்தில் தடுக்கியது. அவள் விழுங்கினாள். விழுங்கிவிட்டு வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

"மூடு பாப்பா. பாக்க வேண்டியதில்ல."

"செக் பண்ண மாட்டியா?"

"மாட்டேன்."

ரெஜிஸ்டரையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். இனி நீயே எழுது, வேண்டும் என்றால் எனக்குக் காட்டு என்றேன்.

எங்கள் பகுதித் தமிழ்ச் சங்க மலருக்காக, இளைஞர்களுக்குப் பயன்படும்படி வேலை அனுபவம் எழுதச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். இரும்பைக் கேட்காமல் சோதிக்கலாம், அதனிடம் மறைக்க ஒன்றும் இல்லை. பேசத் தெரிந்த உயிரிடம் முதலில் சொல்ல வேண்டும், பிறகு கேட்க வேண்டும். மருந்து கொடுத்தது சரியா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். அவள் விஷயத்தில் சரி. சொல்லாமல் கொடுத்தது தப்பு. இப்போது அவள் இன்டர் முதல் வருஷம், நம்மூர்க் கணக்கில் பிளஸ் ஒன். இன்னும் சாப்பிடுகிறாள். போன வருஷம் ஆறு மாதம் வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லி நிறுத்தினாள், பிறகு அவளே போய் ஆரம்பித்தாள்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது ரெஜிஸ்டர் சாப்பாட்டு மேஜை மேல் திறந்து கிடந்தது. நான் போட்ட கட்டங்களை அவள் பொருட்படுத்தவே இல்லை. குறுக்கே பெரிய எழுத்தில் இங்கிலீஷில் எழுதியிருந்தாள். தமிழில் இப்படி வரும்: 'உட்கார்ந்தேன். லஞ்ச் பாதி சாப்பிட்டேன். அம்மா ஞாபகம் வந்தது.'

அத்தனை கட்டம் போட்டேனே, அதற்கு ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவில்லை. பேனாவை எடுத்து, அதுவரை காலியாகவே கிடந்த விட்னஸ் இடத்தில் 'எனக்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.